ஜெய்சல்மேர் போகலாமா?



சென்ற மாதச் செயற்குழுக் கூட்டத்தில் வரவு செலவு படித்து முடித்து, வடையும் காபியும் வந்த பிறகு, நமது சங்கத்தின் அடுத்த குடும்பச் சுற்றுலா எங்கே என்ற பேச்சு எழுந்தது. காசி போயாயிற்று, சீரடி போயாயிற்று, அந்தமானும் பார்த்தாயிற்று. இளைய உறுப்பினர் ஒருவர், "ராஜஸ்தான் பாலைவனம், ஜெய்சல்மேர் போவோம்" என்றார். உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பார்த்தே தீர வேண்டிய ஊர் என்று ஒரு கட்சி. ஒட்டகக்காரனும் புரோக்கரும் சேர்ந்து உரித்துவிடுவார்கள், வெறும் மணலைப் பார்க்க இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டுமா என்று இன்னொரு கட்சி. பேசியவர்களில் ஒருவர்கூட அந்த ஊரைப் பார்த்ததில்லை என்பதுதான் வேடிக்கை.

நான் 2024 ஜனவரியில் என் மனைவியோடு அங்கே போய்வந்தவன் என்பது செயலாளருக்குத் தெரியும். "அண்ணாச்சி, நீங்களே நம்ம இதழுக்கு எழுதிக் கொடுத்துருங்க, எல்லாரும் படிச்சுட்டு முடிவு பண்ணிக்கிடலாம்" என்று என் தலையில் கட்டிவிட்டார். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நிறுத்திவிட்டுத் தராசு பிடிக்க வந்தவன் நான். பேரேடு எழுதிய கைக்குக் கட்டுரை புதிது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பது வருடமாக ஜோத்பூரிலிருந்து சீரகம் எடுக்கிறேன். புதுச் சரக்கு வரும் பங்குனி மாதத்தில் பெரும்பாலும் நேரில் போய்விடுவேன். மண்டியில் சீரகத்தை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, ஊதி, மண் எவ்வளவு, காம்பு எவ்வளவு என்று பார்த்து வாங்கினால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஜோத்பூருக்கு மேற்கே சுமார் 280 கிலோமீட்டரில் ஜெய்சல்மேர். நாம் வாங்கும் சீரகத்தில் ஒரு பங்கு அந்த மாவட்டத்திலேயே விளைவதுதான். அப்படியும் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. எனக்குச் சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஜோத்பூர் கமிஷன் மண்டிக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். அவரிடம் கேட்டால், "அங்கே என்ன இருக்கிறது சேட்ஜி, மணல்தான்" என்பார். லாரியில் லோடு ஏறியதும் நானும் ரயில் ஏறி ஊர் திரும்பிவிடுவேன்.

என் மனைவி மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "சீரகம் வெளையுற ஊரை நானும் ஒரு தடவை பாக்கணுங்க. மணலு மலை மலையா இருக்குமாமே." அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று நானும் தள்ளிக்கொண்டே வந்தேன். பிள்ளைகள் படிப்பு, பெண் கல்யாணம், கிட்டங்கி கட்டியது என்று காரணத்துக்கா பஞ்சம்? 2023-ல் ஊஞ்ஜா சந்தையில் சீரகம் குவிண்டால் 60,000 ரூபாயைத் தாண்டியபோது கடையை விட்டு நகர யாருக்குத் துணிச்சல் இருந்தது? அந்த வருடக் கடைசியில், அவளுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம், அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி, "ஆபரேஷனுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்றாள். எதைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. மறுநாளே டிக்கெட் போட்டேன்.

ஆகவே நான் எழுதுவது முழங்கால் வலி உள்ள ஒருவரோடு, அறுபதைத் தாண்டிய வயதில், சொந்தப் பணத்தில் போனவனின் கணக்கு. இளவட்டங்களின் கணக்கு வேறாக இருக்கலாம்.

சென்னையிலிருந்து ஜோத்பூருக்கு ரயிலில் இரண்டு இரவு. அங்கிருந்து ஜெய்சல்மேருக்கு ரயிலும் உண்டு, ரோடும் உண்டு. ஐந்து ஆறு மணி நேரம். பகலில் காரில் போவதே நல்லது. வழியில் பொக்ரான் வரும். 1974-லும் 1998-லும் அணுகுண்டு சோதனை நடந்த பகுதி என்பதால் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஜோத்பூரைத் தாண்டியதும் மரம் குறைந்து, முள்ளும் கல்லும் மட்டும் மிஞ்சும். பாலைவனம் என்றவுடன் முழுக்க மணல் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் நம்முடைய கரிசல் காடு கோடையில் கிடப்பதுபோல் பொட்டல்தான். ஜெய்சல்மேரை நெருங்கும்போது காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. "ஏங்க, இது நம்ம ஆரல்வாய்மொழி மாதிரில்ல இருக்கு" என்றாள் என் மனைவி. அவ்வளவு தூரம் போய் ஆரல்வாய்மொழியைப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் பயம் வந்ததும் உண்மை.

அப்புறம் அந்தக் கோட்டை கண்ணில் பட்டது. சுமார் 250 அடி உயரக் குன்றின்மேல் மஞ்சள் கல்லால் கட்டிய மதில், 99 கொத்தளங்கள். ராவல் ஜெய்சல் என்ற பட்டி ராஜபுத்திர அரசர் 1156-ல் கட்டத் தொடங்கியது. மாலை வெயில் விழும்போது மதில் பொன் நிறமாகிறது. பெயரும் பொற்கோட்டைதான். சத்யஜித் ராய் 1974-ல் 'சோனார் கெல்லா' என்று ஒரு படம் எடுத்தார். அதிலிருந்து வங்காளிகள் இன்றுவரை குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஒரு சினிமா ஓர் ஊருக்கு ஐம்பது வருடமாக வாடிக்கையாளரைக் கொண்டுவந்து கொடுக்கிறது. நாம் நோட்டீஸ் அடித்தால் ஒரு வாரம்கூட நிற்பதில்லை.

கோட்டைக்குள் ஓர் இரவு

மற்ற கோட்டைகளில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் வௌவாலைப் பார்த்துவிட்டு வருவோம். இந்தக் கோட்டைக்குள் இன்னமும் ஆயிரக்கணக்கான பேர் குடியிருக்கிறார்கள். வீடு, கடை, கோயில், பள்ளி செல்லும் பிள்ளைகள், சந்துக்குச் சந்து மாடு என்று அது ஒரு முழு ஊர். உள்ளே இருக்கும் ஜைனக் கோயில்களின் சிற்ப வேலையைப் பற்றி நான் எழுதிப் புரிய வைக்க முடியாது. தோல் பெல்ட்டும் தோல் பர்ஸும் வெளியே கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். ஜைனர்கள் சேர்த்து வைத்த பழைய ஓலைச்சுவடி நூலகமும் அங்கே உண்டு. பனைமரமே காணாத பாலைவனத்தில் ஓலைச்சுவடி! ஓலை எந்த ஊரிலிருந்தோ சரக்காகத்தான் வந்திருக்க வேண்டும் என்று எனக்கு உடனே தோன்றியது. நம் புத்தி அப்படித்தானே போகும்.

என் மகன் போனிலேயே கோட்டைக்குள் ஒரு விடுதியில் இரண்டு இரவுக்கு அறை போட்டு, பணமும் கட்டியிருந்தான். பழைய வீடு, ஜன்னலைத் திறந்தால் ஊரே காலடியில். முதல் நாள் மாலை, படுக்கை விரிப்பு விற்கும் ஒரு கடையில் பேச்சுக் கொடுத்தேன். என் மண்டி இந்தி அங்கே போதுமானதாக இருந்தது. நானும் கடைக்காரன் என்று தெரிந்ததும் அவர் ஸ்டூலை எடுத்துப் போட்டு, டீ சொல்லிவிட்டார். கடைக்கு மேலேதான் அவருடைய வீடு. தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள்.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். அவருடைய பாட்டி கீழே உள்ள கடிசர் ஏரியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து மேலே வருவாராம். வீட்டுக்கே நாளைக்கு இரண்டு மூன்று குடம்தான். பாத்திரம் கழுவிய தண்ணீர் மாட்டுக்கு. மண்ணில் ஒரு சொட்டு விழாது. பிறகு குழாய் வந்தது, விடுதிகள் வந்தன, ஒவ்வொரு அறைக்கும் குளியலறை வந்தது. குன்றோ இளகிய பாறையும் களிமண்ணுமாக இருப்பது. 800 வருடம் காய்ந்து கிடந்த குன்றுக்குள் சாக்கடைத் தண்ணீர் கசிந்து இறங்கினால் என்ன ஆகும்? 1990-களில் பழைய கொத்தளங்கள் சில சரிந்தன. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996-ல் இந்தக் கோட்டையை ஆபத்தில் உள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்தது. 2013-ல் யுனெஸ்கோ, ராஜஸ்தானின் மலைக்கோட்டைகள் ஆறில் ஒன்றாக இதை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. அந்தப் பெருமையைக் கேட்டு இன்னும் கூட்டம் வந்தது.

"விடுதியை மூடினால் பிள்ளைகள் சாப்பாடு போகும், மூடாவிட்டால் வீடு போகும்" என்றார் அந்தக் கடைக்காரர். அவருடைய தம்பியும் மூன்று அறை வாடகைக்கு விட்டிருக்கிறாராம். அண்ணன் தம்பிக்குள் இதனாலேயே மனத்தாங்கல். நான் எங்கே தங்கியிருக்கிறேன் என்று அவர் கேட்டார். சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்தார்.

அன்று இரவு வாளியில் வெந்நீர் பிடிக்கும்போது என் மனசு சரியில்லை. மறுநாள் காலை இரண்டாவது இரவுக்குக் கட்டிய பணத்தை விட்டுவிட்டு, கீழே ஊருக்குள் ஒரு சாதாரண விடுதிக்கு மாறினோம். திரும்பக் கேட்டேன், தரவில்லை. அது வியாபார நியாயம், கோபமில்லை. மகன் போனில், "நீங்க ரெண்டு பேரும் ஒரு நாள் குளிக்கலேன்னா கோட்டை நின்னுருமாப்பா?" என்றான். நிற்காதுதான். ஆனாலும் என் பங்கு எடையை அந்தத் தட்டில் வைக்க எனக்கு இஷ்டமில்லை. தவிர, கோட்டை ஏற்றமும் வழுக்குக் கல்லும் முழங்கால்காரருக்கு ஆகாது. நாங்கள் வந்து ஏழு மாதம் கழித்து, 2024 ஆகஸ்ட் மழையில், வெளிமதிலில் ஒரு பகுதி சரிந்து ரோட்டில் விழுந்தது என்று செய்தியில் பார்த்தேன். அந்தக் கடைக்காரர் ஞாபகம்தான் வந்தது.

வியாபாரிகள் கட்டிய ஊர்

கோட்டையை அரசர் கட்டினார். ஊரைக் கட்டியது வியாபாரி. இதை எந்த வழிகாட்டியும் நமக்கு வேண்டிய விதத்தில் சொல்வதில்லை.

தண்ணீர் இல்லை, விளைச்சல் இல்லை, ஆறு இல்லை, துறைமுகம் இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று, வழி. சிந்து தேசத்துக்கும் அதற்கப்பால் பாரசீகம், மத்திய ஆசியாவுக்கும் போகும் ஒட்டகச் சாத்துகள் இந்த ஊர் வழியாகத்தான் போக வேண்டும். பட்டு, அபின், அவுரி, உலர்பழம், மசாலாச் சரக்கு எல்லாவற்றுக்கும் இங்கே சுங்கம். சாத்து தங்க இடம், தண்ணீர், காவல், கடன், உண்டியல் மாற்று எல்லாம் இங்கே கிடைக்கும். நம் ஊர்ப் பேட்டையில் வண்டி அவிழ்த்துப் போட்டு, மகமை கட்டி, மறுநாள் கிளம்பினார்களே, அதே ஏற்பாடுதான். மாட்டுக்குப் பதில் ஒட்டகம்.

அந்தப் பணத்தில் எழுந்தவைதான் ஹவேலி என்கிற மாளிகைகள். பட்வா ஹவேலி என்பது ஒரே வரிசையில் ஐந்து மாளிகை. குமான் சந்த் பட்வா என்ற ஜைன வணிகர் 1805-ல் தொடங்கி, ஐந்து மகன்களுக்கு ஐந்தாகக் கட்டியது. முடிய ஐம்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. தங்கச் சரிகை, வெள்ளிச் சரிகையில் ஆரம்பித்து வட்டித் தொழில்வரை வளர்ந்த குடும்பம். மஞ்சள் கல்லை மரம்போலக் குடைந்து ஜன்னல் வைத்திருக்கிறார்கள். ஐந்தில் ஒன்று தனியார் அருங்காட்சியகம். மற்றவர்கள் மேலே அண்ணாந்து ஜன்னலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மெத்தையும் திண்டும் போட்ட இடத்தில், முதலாளி எங்கே உட்கார்ந்தால் வாசலும் தெரியும், கணக்குப்பிள்ளையும் தெரியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் நின்றிருப்பேன். என் மனைவி, "வெலை பேசப் போறீகளா?" என்று கேட்டாள்.

அந்தக் குடும்பத்தைப் பற்றி அங்கே ஒரு கதை சொல்கிறார்கள். தொழில் நொடித்திருந்த காலத்தில் ஒரு ஜைனக் குரு, "இந்த ஊரை விட்டுப் போனால்தான் உங்களுக்கு விருத்தி" என்றாராம். போனார்கள், வெளியூரில் பெருகினார்கள். பிறகு ஜெய்சல்மேர் சமஸ்தானம் கஜானா காலியாகி இவர்களைக் கூப்பிட, குரு வார்த்தையை மறந்து திரும்பி வந்து மாளிகை கட்டினார்கள். மறுபடி நொடித்தார்கள் என்று கதை. கதை எவ்வளவு நிஜமோ தெரியாது. ஆனால் காரணம் குருவின் வாக்கு இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் பம்பாய்த் துறைமுகமும் நீராவிக் கப்பலும் ரயிலும் வந்துவிட்டன. சரக்கு ஒட்டகத்தை விட்டு இறங்கிவிட்டது. ரயில் ஜெய்சல்மேரைத் தொட்டதோ 1960-களில்தான். 1947 பிரிவினையில் சிந்துக்குப் போகும் வழியும் அடைபட்டது. அவ்வளவு பெரிய சந்தை முட்டுச்சந்து ஆகிவிட்டது. வியாபாரிகள் கல்கத்தா, பம்பாய் என்று பிழைப்புத் தேடிப் போனார்கள். மாளிகைகளில் காவல்காரரும் புறாவும் மிஞ்சினார்கள்.

பிறகு 1965, 1971 போர்கள் வந்தன. 1971 டிசம்பரில் லோங்கேவாலா சண்டை நடந்தது இந்த மாவட்டத்தில்தான். எல்லை என்பதால் ரோடு வந்தது, ராணுவம் வந்தது. இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீரும் வந்தது. அப்புறம் சுற்றுலா. சரக்கு போய், சரக்கு இருந்த இடத்தைப் பார்க்க ஆள் வருகிறார்கள்.

தெப்பக்குளத்தைச் சுற்றி உள்ள நம் கடைகளில் எத்தனை கடை மத்தியானம் மூன்று மணிக்கு ஈ ஓட்டுகிறது என்று நமக்கே தெரியும். பெரிய கம்பெனிக்காரன் நேராகச் சில்லறைக் கடைக்கே வண்டி அனுப்புகிறான். நம் பஜாரைப் பார்க்க யாராவது டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவார்களா என்று அந்தத் திண்டைப் பார்த்தபோது நினைத்தேன். சிரிப்பாகவும் இருந்தது, வேறு மாதிரியாகவும் இருந்தது.

நத்மல் ஹவேலி என்று இன்னொன்று, 1885-ல் கட்டியது. அண்ணன் தம்பி இரண்டு கொத்தர்கள் ஆளுக்கொரு பாதி எடுத்துக்கொண்டு செதுக்கினார்களாம். இரண்டு பக்கமும் ஒன்று போலவே தெரியும். உற்றுப் பார்த்தால் ஒன்றுகூட ஒத்திருக்காது. பாகஸ்தர்கள் சேர்ந்து நடத்தும் கடை மாதிரி.

ஊருக்கு வெளியே சுமார் 18 கிலோமீட்டரில் குல்தாரா என்ற பாழடைந்த கிராமம் இருக்கிறது. பேய் ஊர் என்று சொல்லிக் கூட்டிப் போகிறார்கள். பேய் ஒன்றும் இல்லை, கூரை இல்லாத வீடுகள்தான். பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்த ஊர். இவர்கள் விவசாயத்திலும் வியாபாரத்திலும் கெட்டிக்காரர்கள். சரிவின் அடியில் நீளமாக மண்கரை போட்டு, பெய்கிற கொஞ்ச மழையையும் தேக்கி, நீர் மண்ணில் ஊறியபின் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைவித்தார்கள். கடீன் என்று பெயர். இன்றும் அந்த மாவட்டத்தில் உண்டு. வருடத்துக்கு ஏழெட்டு அங்குலம் மழை பெய்யும் இடத்தில் கடலை! அப்படிப்பட்டவர்கள் ஏன் ஊரைக் காலி செய்தார்கள்? சாலிம் சிங் என்ற திவானின் கொடுமை தாங்காமல் ஒரே ராத்திரியில் 84 கிராமமும் எழுந்து போயின என்பது அங்கே சொல்லும் கதை. தண்ணீர் வற்றியதும் வரியும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காலியானது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அந்தத் திவான் வணிகரையும் குடியானவரையும் கசக்கிப் பிழிந்ததை ராஜஸ்தான் வரலாறு எழுதிய கர்னல் டாட் என்ற ஆங்கிலேயரும் அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். திவானுடைய மாளிகை இன்றும் ஊருக்குள் ஜோராக நிற்கிறது, டிக்கெட் போட்டு. வரி கட்டியவர்களின் வீட்டில் கூரை இல்லை.

மணல்

இனி எல்லோரும் கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன். மணல்மேடு பார்க்க ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் மேற்கே சம் என்ற இடத்துக்குப் போக வேண்டும். ரோட்டின் இருபுறமும் கூடாரம் போட்ட முகாம்கள். நாங்கள் ஒரு பெரிய முட்டாள்தனம் செய்துவிட்டோம். 2024-ல் குடியரசு தினம் வெள்ளிக்கிழமை. தொடர்ந்து மூன்று நாள் லீவு. அதற்கு முந்தின ராத்திரி அங்கே போய் மாட்டிக்கொண்டோம்.

மணல்மேட்டில் மணலைவிட ஆள் அதிகம். ஜீப்புகள் உறுமிக்கொண்டு ஏறி இறங்குகின்றன. பிளாஸ்டிக் பாட்டில் காலில் மிதிபடுகிறது. ஒட்டகத்துக்கு 1,500 என்று ஆரம்பித்தவன் 600-ல் நின்றான். பக்கத்தில் ஒருவர் 300-க்கு ஏறிப் போனார். முகாமில் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. போனில் காட்டிய கூடாரம் வேறு, கொடுத்தது வேறு. கேட்டால், "எல்லாம் ஒன்றுதான் சார்" என்றார்கள். மாதிரிக்கு ஒரு சரக்கும் லோடில் ஒரு சரக்கும் அனுப்பினால் நம் தொழிலில் மறுதடவை ஆர்டர் வராது. அங்கே மறுதடவை வருகிறவர் யாருமில்லை என்பதால் அவர்களுக்குக் கவலை இல்லை. ஊர் முழுவதும் இதே நோய். ஸ்டேஷனில் ஆட்டோக்காரர் நாம் சொல்லும் விடுதி மூடிவிட்டது என்பார். டிரைவர் தானாகவே ஒரு துணிக்கடை வாசலில் நிறுத்துவார். அங்கே வாங்கினால் அவருக்கு இவ்வளவு என்பது விலையில் ஏறியிருக்கும். கமிஷன் நமக்குத் தெரியாத தொழிலா? வண்டியை விட்டு இறங்கி, இரண்டு தெரு தனியாக நடந்து போய் வாங்குங்கள்.

இரவு பாட்டு வைத்தார்கள். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு அலறியது. பத்து மணிக்கு மேல் கூட்டம் கலைந்த பிறகு, பாட வந்த மாங்கணியார் சமூகத்துப் பெரியவர் ஒருவர் அடுப்பு அருகே குளிர் காய்ந்துகொண்டிருந்தார். இவர்கள் முஸ்லிம்கள், தலைமுறை தலைமுறையாக இந்துக் குடும்பங்களில் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் பாடுகிறவர்கள். எந்தக் குடும்பத்துக்கு யார் பாட வேண்டும் என்பது தகப்பன் வழியாக வருவது. அந்தக் குடும்பத்து வம்சாவளி முழுவதும் இவர்களுக்கு மனப்பாடம். மைக் இல்லாமல் இரண்டு பாட்டுப் பாடினார். கையில் காமாயச்சா என்ற வாத்தியம். அர்த்தம் தெரியவில்லை. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், குளிர்தான் என்றாள். குளிரும் ஏழெட்டு டிகிரி இருக்கும்.

விடியற்காலை ஐந்தரைக்கு அவள் என்னை எழுப்பினாள். கூட்டம் எழுவதற்குள் போய்விடலாம் என்றாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ராத்திரியெல்லாம் காற்று தடவி ஒரு கால்தடம்கூட இல்லாமல் ஆக்கி வைத்திருந்த மணலில் நடந்தாள். டைல்ஸ் தரையில் பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுகிறவள், மணல் மெத்தென்று இருக்கிறது என்று மேட்டின் பாதிவரை ஏறிவிட்டாள். முழு நிலா மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. முதல் நாள்தான் தைப்பூசம். அங்கேயே உட்கார்ந்தோம். வெயில் வரும்வரை அவள் பேசவில்லை. அப்புறம், "முப்பது வருசம் களிச்சுக் கூட்டியாந்தீக" என்றாள். அதற்கு என்ன பதில் சொல்ல? முதல் ஜீப் சத்தம் கேட்டது, இறங்கிவிட்டோம்.

முடிவு

செயலாளர் கேட்டது ஒரே கேள்வி. போகலாமா? என் ஓட்டு, போகலாம் என்பதே. ஆனால் சில நிபந்தனை உண்டு.

பிள்ளைகளுக்கு லீவு என்று ஏப்ரல், மே மாதத்தில் கிளப்பாதீர்கள். வெயில் 45 டிகிரியைத் தொடும் ஊர். பொங்கல் வியாபாரம் முடிந்து, தை பிற்பகுதியிலிருந்து மாசி நடுவரை நமக்கும் ஓய்வு, அங்கேயும் நல்ல பருவம். கிறிஸ்துமஸ், புது வருடம், குடியரசு தினத்தை ஒட்டிய லீவு ஆகவே ஆகாது. பாலைவனத் திருவிழா என்று சில நாள் நடத்துகிறார்கள். தைப் பௌர்ணமியையோ மாசிப் பௌர்ணமியையோ ஒட்டி வரும். அது பார்க்க ஆசைப்பட்டால் அறை வாடகை ஏறும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர், காலுறை அவசியம். நாற்பது பேரில் ஒருவர்கூட கோட்டைக்குள் தங்க வேண்டாம். கீழே தங்கி, காலை ஏழு மணிக்கு ஆட்டோவில் மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவோம். மணலுக்கு முகாமில் தங்க வேண்டிய அவசியமே இல்லை. இருட்டோடு வண்டி எடுத்துப் போய் விடியலைப் பார்த்துவிட்டு வந்தால் போதும். இரண்டு இரவு போதுமானது. மூன்றாவது இரவு தங்கினால் கடைக்காரர்களிடம் போய்ப் பணம்தான் கரையும்.

சாப்பாட்டுக்கு மிளகும் இட்லியும் தேடாதீர்கள். மரத்தில் காய்க்கும் கேர், சாங்ரி என்ற வற்றல்களைக் கொண்டு ஒரு கூட்டு செய்கிறார்கள். கம்பு ரொட்டியோடு நன்றாக இருக்கிறது. நம் சுண்டை வற்றல் பிடித்தவருக்குப் பிடிக்கும். நெய் அதிகம், சர்க்கரைக்காரர்கள் பார்த்துக்கொள்ளவும்.

எல்லை ஊர் என்பதையும் மறக்கக் கூடாது. 2025 மே மாதம் பாகிஸ்தானோடு மோதல் நடந்தபோது அங்கே இரவில் இருட்டடிப்பு. வந்த டிரோன்களைச் சுட்டு வீழ்த்தினார்கள். ஆகவே டிக்கெட் போடும்போது ரத்து செய்தால் பணம் திரும்பும்படியாகப் போடுவது நல்லது.

ஊர் திரும்பும் வழியில் ஜோத்பூரில் நம் கமிஷன் மண்டிக்காரரைப் பார்த்துவிட்டு வந்தேன். பழைய பாக்கி ஒன்று தீர்க்க வேண்டியிருந்தது. எப்படி இருந்தது என்று கேட்டார். பட்வா மாளிகையில் திண்டு போட்டிருந்த இடத்தைச் சொன்னேன், கடீனில் கடலை விளைவதைச் சொன்னேன், விடியற்கால மணலைச் சொன்னேன். ஆவலாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். "நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள்?" என்றேன். கொஞ்ச நேரம் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு சிரித்துக்கொண்டே, போனதே இல்லை என்றார். வருடக்கணக்காக அதே ரோட்டில்தான் அவருக்குச் சீரகம் வந்துகொண்டிருக்கிறது.

சங்கத்தில் போவதாக முடிவானால், ஜோத்பூரில் தம்பதியாக எங்களோடு சேர்ந்துகொள்வதாகப் போன வாரம் போனில் சொல்லியிருக்கிறார். செயலாளர் அவர்கள் வண்டியில் இரண்டு இடம் கூடுதலாகக் கணக்கில் வைத்துக்கொள்ளவும். என் மனைவிக்கு அறுவை சிகிச்சை முடிந்து நடமாடுகிறாள். எங்கள் பெயரையும் எழுதிக்கொள்ளவும்.